ஆமென் சொன்ன பிறகு

கல்முனை
16.01.1979

அன்புள்ள தம்பி நல்லரெத்தினத்துக்கு,

நான் சுகம். பதுளைக் குளிரில் நீயும் மகள் குடும்பமும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். உன் கண் எப்படி? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறாயா, அல்லது எழுதிக் கேட்டால்தான் நினைவு வருகிறதா?

புயலில் போன என் வீட்டுக் கூரையில் பாதி திரும்பிவிட்டது. மீதிப் பாதிக்குத் தென்னோலைக் கிடுகு போட்டிருக்கிறேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். பெத்தானியா பெண்பிள்ளைகள் இல்லத்தின் நிர்வாகக் குழுவுக்கு என்னைக் காரியதரிசி ஆக்கியிருக்கிறார்கள். ஆக்கியபோது நான் அங்கே இல்லை. மார்கழிக் கூட்டத்தன்று எனக்குக் காய்ச்சல். நத்தார்ப் பண்டிகை ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது தலைவர் கனகரெத்தினம் வந்து, "டீச்சர், உங்கள ஜெபத்தில வச்சிட்டம்" என்றார். காய்ச்சலுக்காக ஜெபித்தார்களாக்கும் என்று நன்றி சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பழைய கூட்டறிக்கைப் புத்தகங்கள் ஒரு சாக்கில் கட்டியபடி வீட்டுக்கு வந்தன. அப்போதுதான் விளங்கியது.

போன சனிக்கிழமை கூட்டம். மூன்று மணி என்று அறிவித்தல். நான் ஐந்து நிமிடம் முந்திப் போனேன். இல்லத்துப் பிள்ளைகளைப் பார்க்கிற மேற்றன் பூமணி மட்டும் கதிரைகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஆள் வந்தது மூன்று ஐம்பதுக்கு. பொருளாளர் மருந்துக்கடைக் குணம் நாலு பத்துக்கு வந்து, "தொடங்கிட்டீங்களோ?" என்று எங்களைக் குறை கேட்டார். இல்லத்துக் கூரைக்குத் தகரமா ஓடா என்று ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். ஒருவரும் பிரேரிக்கவில்லை, ஒருவரும் ஆமோதிக்கவில்லை. "இப்ப என்ன முடிவு? நான் என்னத்த எழுதுற?" என்று கேட்டேன். "ஆண்டவர் நடத்துவார் டீச்சர்" என்றார் கனகரெத்தினம். பிறகு நீளமாக ஜெபித்தார். எனக்கு இருந்த எரிச்சலில் அது காதில் ஏறவில்லை. திங்கட்கிழமை காலை தச்சன் வந்து தகரத்தோடு கூரையில் ஏறுகிறான். யார் சொல்லி ஏறினான் என்று காரியதரிசிக்குத் தெரியாது.

நீ ஊர் ஊராகப் போய்ச் சபைகளின் நிர்வாகக் குழுக்களுக்கு வகுப்பு நடத்துகிறாயாம், கைநூலும் எழுதியிருக்கிறாயாம். பிறத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஒரு பிரதி அனுப்பு.

உன் அக்கா,
றோசலின் அழகரெத்தினம்


பதுளை
02.02.1979

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததில் மிகுந்த ஆறுதல். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கண் முன்னைவிடப் பரவாயில்லை. மருந்து விடுகிறேன்.

கைநூலை இத்துடன் அனுப்புகிறேன். ரோணியோ இயந்திரத்தில் படியெடுத்ததால் சில இடங்களில் மை ஊறியிருக்கும். மொத்தம் பத்துக் குறிப்புகள். நிகழ்ச்சி நிரலை ஒரு கிழமைக்கு முன் அனுப்புங்கள். கூட்ட நடப்பெண், அதாவது குறைந்தபட்ச ஆட்கள், சேராவிட்டால் தொடங்காதீர்கள். பேசியதை எல்லாம் எழுதாமல் முடிவை மட்டும் எழுதுங்கள். தலைவரும் காரியதரிசியும் எதிரெதிராக இழுத்தால் எந்தக் குழுவும் நிமிராது. இதை நான் போகும் இடமெல்லாம் சொல்கிறேன். ஆகவே கனகரெத்தினம் அண்ணரோடு கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

நானும் அங்கே பத்து வருடம் காரியதரிசியாக இருந்தவன்தானே. அந்தச் சாக்கில் உள்ள புத்தகங்களில் பிரயோசனமாக ஒன்றும் இல்லை. கறையான் அரித்திருக்கும், உங்களுக்குத் தும்மல் வரும். புதிய புத்தகம் ஒன்று வாங்கித் தொடங்குங்கள்.

உங்கள் சுகத்துக்காகத் தினமும் வேண்டும் தம்பி,
டானியல் நல்லரெத்தினம்


கல்முனை
19.02.1979

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். இரத்த அழுத்தம் கூடியிருக்கும்.

கைநூலை இரண்டு தரம் வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். ஆறாம் பக்கத்தில் இரண்டு பிழைகள், திருத்திவிட்டேன். நிகழ்ச்சி நிரலைக் கார்பன் வைத்து ஏழு பிரதி எழுதி ஒரு கிழமைக்கு முன்பே அனுப்பினேன். குணம் தன்னுடைய பிரதியில் யாருக்கோ குளிசை மடித்துக் கொடுத்துவிட்டாராம்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைக் கேள். நிரலில் நாலு விடயம். நாலும் முடிந்தது. பூமணியின் பெயர் நிரலில் இல்லை. அவளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவும் இல்லை. "ஜெபத்தோட முடிப்பம்" என்று கனகரெத்தினம் எழும்பினார். எல்லோரும் எழும்பிக் கண்ணை மூடினோம். கூரைக்கு நன்றி சொன்னார், மழை விட்டதற்கு நன்றி சொன்னார். அதே மூச்சில், "எங்கட சகோதரி பூமணி பத்தொன்பது வருஷம் செய்த ஊழியத்துக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே. ஆனி முப்பதோட அவவ இந்தப் பொறுப்பில இருந்து விடுவிக்கிற எங்கட தீர்மானத்த ஆசீர்வதியும்" என்றார். ஆறு பேரும் ஆமென் சொன்னார்கள். நான் கண்ணைத் திறந்தேன்.

"எப்ப தீர்மானிச்ச நாங்க?" என்றேன்.

"டீச்சர், ஆமெனுக்குப் பிறகு என்ன கதை?" என்றார் கனகரெத்தினம். கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஆண்டவரிடம் கொடுத்த பிறகு திருப்பிக் கேட்டால் அது விசுவாசக் குறைவாம். தச்சன் யார் சொல்லிக் கூரையில் ஏறினான் என்பதும் எனக்கு அப்போது தெரிந்தது. நான் யார் சொல்லிக் காரியதரிசி ஆனேன் என்பதும் தெரிந்தது.

பூமணி தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தாள். கதவுக்கு அப்பால் நின்றிருக்கிறாள், எல்லாம் கேட்டிருக்கிறது. ஏழு பேருக்கும் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் செய்த குற்றம் இதுதான். கார்த்திகைப் புயலன்று கல்முனைக்குடிக் கடற்கரையில் வீடிழந்த முஸ்லிம் பெண்களும் பிள்ளைகளுமாக நாற்பது பேர் இல்லத்து வாசலுக்கு வந்திருக்கிறார்கள். இவள் மண்டபத்தைத் திறந்து மூன்று கிழமை வைத்திருந்தாள். குழுவைக் கேட்கவில்லை. தென்னை மரங்கள் றோட்டுக்குக் குறுக்கே கிடக்கும்போது ஏழு வீட்டுக்கும் போய்க் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள் போலும். அவர்கள் மண்டபத்தில் தொழுதது கனகரெத்தினத்துக்கு இன்னும் ஆறவில்லை. பூமணிக்கு ஐம்பத்தாறு வயது. தாய் தகப்பனும் இல்லை, போக ஒரு வீடும் இல்லை.

உன் பத்துக் குறிப்பில் ஜெபத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஜெபத்துக்குள் வைத்த தீர்மானம் தீர்மானமா? ஆம் அல்லது இல்லை என்று எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


பதுளை
27.03.1979

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா?

மாசி மாதம் முழுக்க வகுப்புகள். பண்டாரவளையில் முப்பது பேர் வந்தார்கள். நல்ல ஆர்வம். மகள் வெலிமடைக் கிழங்கு ஒரு மூடை வாங்கியிருக்கிறாள். யாராவது அம்பாறைப் பக்கம் வந்தால் கொடுத்து விடுகிறேன். இந்த வருடம் கிழங்கு நல்ல மாப்பதம். அவித்தால் தானாகவே உடைகிறது.

நீங்கள் கேட்ட விடயம். அது இடத்துக்கு இடம் வேறுபடும் ஒரு வழக்கம். சரி பிழை என்று தூரத்தில் இருந்து சொல்ல முடியாது. பெரிதுபடுத்தினால் பூமணிக்கே மனக்கஷ்டம். இங்கே எங்கள் சபைக்குத் தெரிந்த ஒரு முதியோர் விடுதியில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள். அவளுக்காக விசாரிக்கட்டுமா?

அன்புடன் தம்பி,
நல்லரெத்தினம்


கல்முனை
03.04.1979

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஐந்து கிழமை கழித்துக் கடிதம் வருகிறது. அதில் கிழங்குக்குக் கொடுத்த இடம் கேள்விக்குக் கொடுக்கப்படவில்லை. பத்தொன்பது வருடம் அறுபது பிள்ளைகளை வளர்த்தவளைப் பதுளையில் அடுப்படிக்கு அனுப்ப நான் உன்னைக் கேட்கவில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்தில் எழும்பி நின்று கேட்டேன், எந்த விதியின்படி ஜெபத்தில் தீர்மானம் எடுக்கிறோம் என்று. கனகரெத்தினம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "இது நான் வச்ச ஒழுங்கில்ல டீச்சர். அறுபத்தொண்டில உங்கட தம்பி காரியதரிசியா இருக்கக்குள்ள வந்தது. அப்பிடி ஒரு ஒழுங்கில்லயெண்டு அவரே எழுதித் தரட்டும். நான் இத வாக்குக்கு விடுறன்." எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். கூட்டறிக்கையில் எழுதி அவரிடமே கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

ஆகவே பூமணியின் இடம் இப்போது உன் இரண்டு வரியில் இருக்கிறது.

சாக்கை அவிழ்த்து அறுபத்தோராம் ஆண்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். விதி ஒன்றும் இல்லை. ஐப்பசி வரையில் உன் கையெழுத்தில் பிரேரணை, ஆமோதிப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஐப்பசிக்குப் பிறகு "ஜெபத்தில் ஒப்புக்கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அந்த ஐப்பசியில்தான் என் வீட்டுக்காரர், உன் மச்சான், இல்லப் பொறுப்பாளர் வேலையை விட்டார். நெஞ்சு சரியில்லை, நானே விட்டுவிட்டேன் என்று வந்து சொன்னார். அவர் எழுதிய விலகல் கடிதத்தைத் தேடினேன். புத்தகத்துக்குள் இல்லை. அது வேறு விடயம்.

நேற்றுச் சபியா உம்மா வந்தார். புயலன்று மண்டபத்தில் தங்கியவர்களில் மூத்தவர். கதிரையில் இருக்க முதலே தொடங்கிவிட்டார்.

"டீச்சர், பூமணிய அனுப்பப் போறாங்களாம், மெய்யா?"

"ஆர் சொன்ன?"

"ஆர் சொன்னா என்ன. நாங்க மூணு கிழம படுத்ததுக்கா? எங்கட பள்ளி மரைக்கார்மாரக் கூட்டிக்கு வந்து உங்கட தலைவரிட்டக் கதைக்கட்டா?"

வேண்டாம், அது இன்னும் கெடுக்கும் என்றேன். அவர்களுடைய பள்ளிவாசலில் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டேன்.

"சண்ட பிடிச்சித்தான். ஒவ்வொரு குடிக்கும் பேச ஒரு மரைக்கார் இருக்காரு. எல்லாரும் கத்துவாங்க. தேத்தண்ணி ஆறிப் போயிரும். ஆனா ஆரு என்ன சொன்ன எண்டு விடியக்குள்ள ஊருக்கே தெரியும். உங்கட ஆக்கள் கத்திறல்லியா?"

"இல்ல. கண்ண மூடிருவாங்க."

"அப்ப ஆரு செஞ்ச எண்டு எப்பிடித் தெரியும்?" என்றார். 

இரண்டு வரி. கையெழுத்து. திகதி.

அக்கா


கல்முனை
09.05.1979

தம்பிக்கு,

உனக்குச் சுகமில்லையா? சித்திரை பதினெட்டில் ஒரு கடிதம் போட்டேன். போன வெள்ளிக்கிழமை தந்தி அடித்தேன். தபாற்கந்தோரில் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டுகிறார்கள். மகளைக்கொண்டாவது எழுதுவி.

பூமணி இருபத்தேழு பிள்ளைகளின் உடுப்புகளுக்கும் பெயர் தைத்துக்கொண்டிருக்கிறாள். வருகிறவளுக்கு மாறிப்போகாமல் இருக்கவாம்.

அக்கா


[தபாலட்டை]
பதுளை
16.05.1979

அக்கா, காய்ச்சலில் கிடந்தேன். இப்போது குறைவு. உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். கேட்டதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அறுபத்தோராம் ஆண்டுப் புத்தகத்தை மேலும் கிளற வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். விரிவாகப் பின்னர். டா. ந.


கல்முனை
29.05.1979

தம்பிக்கு,

காய்ச்சல் குறைந்தது மகிழ்ச்சி. அது எப்படிப்பட்ட காய்ச்சல் என்றும் தெரிந்துகொண்டேன். வைகாசி பன்னிரண்டாந் திகதி நீ ஹப்புத்தளையில் ஒரு நாள் முழுதும் வகுப்பு நடத்தியதாகப் போதகர் ஐயா சொல்கிறார். அவருடைய தம்பி அதில் இருந்தாராம். "பொறுப்புக் கூறல்" என்ற தலைப்பில் மிக நன்றாகப் பேசினாயாம்.

சிறு வயதில் பொய் சொன்னால் உனக்குக் காது சிவக்கும். தபாலட்டையில் காது தெரியாது என்பது உனக்கு வசதிதான்.

நான் அறுபத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை. மடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். அவர்கள் என்னை முழங்காலில் வைத்துப் படிப்பித்த ஒன்று, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது. நீ எதற்கு ஒளிக்கிறாய் என்று யோசித்து யோசித்து எனக்கு இரண்டு முடிவு வந்திருக்கிறது. ஒன்று, கனகரெத்தினத்தைப் பகைக்கப் பயப்படுகிறாய். மற்றதை எழுத விருப்பமில்லை. நீயே எழுது.

ஆனி இருபத்துமூன்று சனிக்கிழமை கூட்டம். அதற்குப் பிறகு ஏழு நாள்தான். பூமணி தன் உடைமைகளை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டி நிறையவில்லை. மேலே பழைய தலையணை ஒன்றை வைத்து மூடினாள். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீயும் பார்த்திருக்க வேண்டும்.

அக்கா


பதுளை
11.06.1979
பதிவுத்தபால்

என் அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு முகமில்லை. தாள் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று குழுவுக்கு. இது உங்களுக்கு.

குழுவுக்கு எழுதியதில் நீங்கள் கேட்டது இருக்கிறது. அப்படி ஒரு விதி ஒருபோதும் இருந்ததில்லை. ஒரு சந்தர்ப்பத்தில் காரியதரிசியாகிய நான் அதைத் தொடங்கினேன், அது தவறு, என்று கையெழுத்திட்டிருக்கிறேன். எந்தச் சந்தர்ப்பம் என்று அதில் எழுதவில்லை. அதை உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

அப்போதைய தலைவர் தன் மகளின் கலியாண விருந்துக்கு இல்லத்து மண்டபத்தைக் கேட்டார். மச்சான், குழுவின் தீர்மானம் இல்லாமல் திறக்க மாட்டேன் என்றுவிட்டார். விருந்து கொட்டகையில் நடந்து மழையில் நனைந்தது. அதோடு எல்லோரும் அவருக்கு எதிராக ஒன்று சேர்ந்தார்கள். மச்சான் எதற்கும் கையெழுத்துக் கேட்கிற மனிதர், ஏற்கனவே எல்லோருக்கும் அவரில் சலிப்பு. ஆனால் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை. கூட்டத்துக்கு முதல் நாள் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க முடிவு ஜெபம் பண்ணுங்க தம்பி, அதுக்குள்ள வையுங்க. உங்கட வாயால வந்தா அவர் ஏற்பார்" என்றார்.

நான் வைத்தேன். அழகரெத்தினம் அண்ணருடைய சுமையை இறக்கி அவருக்கு ஓய்வு தாரும் என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சொன்னேன்.  பிறகு ஆமென் என்று முதலில் சொன்னவர் மச்சான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள்.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, "அக்காக்குச் சொல்லாத. உன்னோட கதைக்கிறத விட்டிருவா" என்றார்.  அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிறு.

அவ்வளவு சத்தமில்லாமல் முடிந்ததைப் பார்த்தபின் மற்றவர்களுக்கும் அந்த வழி பிடித்துக்கொண்டது. நான் ஊரை விட்டு வந்தேன். ஊர் ஊராகப் போய் நிர்வாகம் படிப்பிக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கிறேன், இந்த ஒன்றைத் தவிர.

இந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள், அல்லது வாசித்துக் காட்டுங்கள். அது உங்கள் இஷ்டம்.

நல்லரெத்தினம்


பெத்தானியா பெண்பிள்ளைகள் இல்லம்
நிர்வாகக் குழு
கல்முனை
25.06.1979

திரு. டா. நல்லரெத்தினம் அவர்களுக்கு,

தங்களது 11.06.1979 திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றது. அது 23.06.1979 அன்று நடைபெற்ற கூட்டத்தில் காரியதரிசியால் வாசிக்கப்பட்டது. ஏழு உறுப்பினரும் சமுகமளித்திருந்தனர்.

தங்கள் கடிதத்தில் "ஒரு சந்தர்ப்பத்தில்" எனக் குறிப்பிடப்பட்டிருப்பது எந்தச் சந்தர்ப்பம் என்று தலைவர் வினவினார். காலஞ்சென்ற திரு. அழகரெத்தினம் அவர்கள் இல்லப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்ட சந்தர்ப்பம் எனக் காரியதரிசி பதிலளித்தார். அவர் தாமாக விலகியதாகவே இதுவரை ஊரில் சொல்லப்பட்டு வந்ததெனவும், அவ்வாறு சொல்லி வந்தவர் தாமே எனவும், அது பிழையான தகவல் எனவும் காரியதரிசி கூறியது கூட்டறிக்கையில் பதியப்பட்டுள்ளது.

உறுப்பினர் திரு. புண்ணியமூர்த்தி எழுந்து, "ஓம் டீச்சர். அண்டைக்கு நானும் ஆமென் சொன்னவன்" என்றார். இதுவும் அவரது வேண்டுகோளின்படி பதியப்பட்டுள்ளது.

தலைவர் தமது சொல்லைக் காப்பாற்றினார். மேற்றன் செல்வி பூமணி தொடர்ந்து பணியாற்ற வேண்டுமெனத் திரு. புண்ணியமூர்த்தி பிரேரிக்க, காரியதரிசி ஆமோதித்தார். கை உயர்த்தி வாக்கெடுக்கப்பட்டது. ஆதரவு நான்கு, எதிர் இரண்டு. தலைவர் வாக்களிக்கவில்லை. இனிமேல் கூட்டங்கள் வேதத்திலுள்ள பரமண்டல ஜெபத்துடன் மட்டுமே முடிக்கப்பட வேண்டும், அதில் எவரும் எதுவும் சேர்க்கலாகாது என்ற காரியதரிசியின் பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது.

தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

இங்ஙனம்,
றோ. அழகரெத்தினம்
காரியதரிசி


பதுளை
08.07.1979

அக்கா,

பூமணி இருக்கிறாள் என்பதை வாசித்ததும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பிறகு கடிதத்தை முதலிலிருந்து நாலு தரம் வாசித்தேன். திரு. என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு விளங்குகிறது. ஐம்பத்தேழு வயதில் முதல் தடவையாக உங்களிடமிருந்து என்னைத் தம்பி என்று அழைக்காத கடிதம் ஒன்று வந்திருக்கிறது. என் கண்ணைப் பற்றித் தை மாதத்துக்குப் பிறகு நீங்கள் கேட்கவே இல்லை.

வரும் மாதத்து வகுப்புகளை நிறுத்திவிட்டேன். கல்முனைக்கு ஒருமுறை வரலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்குச் சம்மதமாக இருந்தால் மட்டும்.

நல்லரெத்தினம்


கல்முனை
15.07.1979

தம்பிக்கு,

கண் எப்படி?

கேட்டுவிட்டேன். இனி நான் சொல்வதை வாசி.

கூட்டம் முடிந்து பூமணியிடம் போய், "நாலு பேர் கை தூக்கின. நீ இருக்கிறாய்" என்றேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மற்ற ரெண்டு பேரும் ஆர் டீச்சர்?" என்று கேட்டாள். கூட்டறிக்கையில் இருப்பதை ஒளிக்க முடியாது. ஒருவர் குணம் என்றேன். "குணம் ஐயாவா? மாசியில அவர்ர மகள் பிள்ளப் பெத்து வந்திருக்கக்குள்ள நாப்பது நாளும் பத்தியம் சமைச்சு அனுப்பின நான்" என்றாள். தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். "தெரியாம இருந்திருக்கலாம்" என்றாள்.

எனக்கும் அந்த எண்ணம் வந்து போனது. மூன்று இரவு வந்தது, போனது. ஆனால் நான்தான் வற்புறுத்திக் கேட்டவள். கேட்டு வாங்கியதைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எனக்கு இல்லை.

நீ செய்ததை நான் சிறிதாக்கப் போவதில்லை. நீ கோழை. கோழை என்பதை அறிந்துதான் அவர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் இந்த மாதம் முழுவதும் நான் உன்மேல் வைத்திருந்த கோபம், சத்தியமாகச் சொன்னால், உன்மேல் மட்டும் இல்லை. அந்த மனிதர்மேலும்தான். அவர் மண்டபத்தைத் திறக்காததற்காகப் போனார். இவள் திறந்ததற்காகப் போக இருந்தாள். இவளுக்காகச் சண்டை பிடிக்க நான் இருந்தேன். அவருக்காகச் சண்டை பிடிக்க அவர் என்னை விடவே இல்லை. நான் அடுத்த அறையில் இருந்தேன், தம்பி. என்னிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் குழுவை உலுக்கியிருப்பேன். அது தெரிந்துதான் நெஞ்சில் நோய் என்றார்.

அந்த நெஞ்சுக்கு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியுமா? அடுத்த நாளே வைத்தியரிடம் போவோம் என்றேன், வேண்டாம், உணவைக் குறைத்தால் போதும் என்றார். நான் விடுவேனா? அன்றிலிருந்து அவருடைய பங்குக்கு உப்புப் போடவில்லை. மீன் ஆணத்தை வேறு சட்டியில் காய்ச்சினேன். கருவாடு கண்ணில் காட்டவில்லை. மாங்காய்க்கு உப்புத் தொட வந்த கையைத் தட்டிவிட்டேன். எழுபத்திரண்டில் சாகும் வரைக்கும் பதினொரு வருடம், அந்த மனிதர் நல்ல நெஞ்சை வைத்துக்கொண்டு உப்பில்லாத ஆணத்தைப் பிசைந்து, "நல்லா இருக்கு றோசலின்" என்று சொல்லிச் சாப்பிட்டார். கடைசியில் செத்தது ஈரலில் வந்த வருத்தத்தால். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பக்கத்தில் இருந்து உப்புள்ளதைச் சாப்பிட்டாய். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்களா? அதை மட்டும் எனக்கு நேரில் வந்து சொல். எழுதாதே.

வந்தால் திட்டுவேன். முதல் நாள் முழுக்கத் திட்டுவேன், இரண்டாம் நாள் மிச்சம் இருந்தால் அதையும். அவரைத் திட்ட எனக்கு வேறு ஆள் இல்லை.

வரலாம் என்று நினைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படி எழுதினால் நான் எத்தனை பேருக்கு அரிசி போடுவது? எந்தத் திகதி, எந்த பஸ், எத்தனை நாள் நிற்பாய் என்று எழுது.

அக்கா